குரங்கு இல்லாம, மனுஷ செல்லை மட்டும் வச்சு ஒரு மருந்து நம்ம இம்யூன் சிஸ்டத்தை ஒண்ணும் பண்ணாதுன்னு சொல்லிட முடியுமா?

நீங்க கேட்டதை முதல்ல நான் புரிஞ்சுகிட்ட மாதிரி சொல்லிடறேன், தப்புன்னா திருத்துங்க. உங்க மாமா இங்க மொரிஷியஸ்ல ஒரு குரங்கு ஃபார்ம்ல பல வருஷமா வேலை பாக்குறார், அங்க வளர்ற குரங்குங்க மருந்து சோதனைக்காக அமெரிக்கா, ஐரோப்பான்னு போகுது, இப்போ யாரோ அவர்கிட்ட "இனிமே லேப்ல செல்லை வச்சே எல்லாம் பார்த்துடுவாங்க, ஸாக்கோ (குரங்கு) வேண்டாம்"னு சொல்லியிருக்காங்க, அது நிஜமா, நிஜம்னா அவர் வேலை என்ன ஆகும். கூடவே நீங்களும் அடுத்த வருஷம் பயாலஜி எடுக்கலாமான்னு யோசிக்கிறீங்க. வேலை பத்தின கேள்வி மாதிரி தெரியுது, ஆனா உள்ள இருக்கிற கேள்வி வேற: உடம்புக்கு வெளிய, ஒரு பிளாஸ்டிக் குழிக்குள்ள கிடக்கிற கொஞ்சம் ரத்த செல்லு, முழு உடம்பு ஒரு மருந்துக்கு என்ன பண்ணும்னு சொல்லுமா? அதுக்கு நான் பதில் சொல்லலாம், ஏன்னா 9 வருஷம் அதைத்தான் பண்ணிட்டு இருந்தேன். பெங்களூருல ஒரு லேப்ல, மனுஷ ரத்தத்துல இருந்து செல் பிரிச்சு, புது மருந்தைப் போட்டு, அது என்னென்ன சைட்டோகைனை (எதிர்ப்பு செல்லுங்க ஒண்ணுக்கொண்ணு சேதி சொல்லக் கொட்டுற புரதம்) கக்குதுன்னு அளக்கிறது என் வேலை. 2016ல கல்யாணம் ஆகி இங்க மொரிஷியஸ்ல ரோஸ் ஹில் வந்துட்டேன், இப்போ பசங்களுக்கு ட்யூஷன். குரங்கு வச்சு நான் வேலை பார்த்ததே இல்ல, அதனால அந்தப் பக்கம் பத்தி சொல்றதெல்லாம் படிச்சதும், கூட வேலை செஞ்சவங்க சொன்னதும் தான்.

இம்யூன் சேஃப்டின்னு ஒரே வார்த்தையா சொன்னாலும் அது ஒரே விஷயம் இல்ல. மருந்து போட்டதும் எதிர்ப்பு சக்தி வெறி பிடிச்ச மாதிரி கிளம்பறது ஒண்ணு, அது படுத்துடறது ஒண்ணு (அப்போ சாதாரண கிருமி கூட ஆளை சாய்ச்சிடும்), அலர்ஜி வேற, அப்புறம் மருந்தையே அந்நியன்னு நினைச்சு உடம்பு அதுக்கு எதிரா ஆன்டிபாடி (ஒரு குறியைத் தேடிப் போய் ஒட்டுற எதிர்ப்புப் புரதம்) செஞ்சு மருந்தை வேலை செய்யவிடாம பண்றது இன்னொண்ணு. இதுல ஒவ்வொண்ணுக்கும் செல் டெஸ்ட் எவ்வளவு நம்பலாம்ங்கறது வேற வேற. இதை மனசுல வச்சுக்கோங்க, ஏன்னா "செல்லு போதும்"னு சொல்றவங்களும் "செல்லு பத்தாது"ன்னு சொல்றவங்களும் பெரும்பாலும் வேற வேற விஷயத்தைப் பத்தி சண்டை போட்டுட்டு இருப்பாங்க.

இந்த ஃபீல்டுல இருக்கிற எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு நாள் 2006 மார்ச் 13. நான் அப்போ சென்னைல எம்.எஸ்சி, எங்க மேடம் அந்த வாரம் கிளாஸுக்கு பேப்பர் கட்டிங்கோட வந்தாங்க. (அதே மாசம் இந்தப் பக்கம் ரீயூனியன்லயும் மொரிஷியஸ்லயும் சிக்குன்குன்யா ஆட்டம் போட்டுட்டு இருந்தது, எங்க வீட்டுக்காரர் அப்போ மூட்டு வலியில படுத்த படுக்கையா இருந்தாராம், அவருக்கு அந்த மார்ச்னா அதுதான் ஞாபகம்.) அந்த 13ஆம் தேதி விபத்து லண்டன் நார்த்விக் பார்க் ஆஸ்பத்திரி வளாகத்துல நடந்தது. டெஜெனெரோன்னு ஜெர்மனி வூர்ட்ஸ்பர்க்ல ஒரு சின்ன கம்பெனி, அவங்க மருந்து பேரு டி.ஜி.என்.1412, ஒரு ஆன்டிபாடி. டி செல் (எதிர்ப்பு சக்தியை நடத்துற ஒரு வகை வெள்ளை ரத்த செல்) மேல சி.டி.28ன்னு ஒரு சுவிட்ச் இருக்கு, அதை இந்த மருந்து நேரா போய் அமுக்கும். அமுக்கினா எதிர்ப்பு சக்தியை அடக்கி வைக்கிற நல்ல டி செல்லுங்க பெருகும், மூட்டு வாதம் மாதிரி நோய்க்கு உதவும்ங்கறது கணக்கு. 8 ஆரோக்கியமான வாலிபப் பசங்க, 6 பேருக்கு மருந்து, 2 பேருக்கு டம்மி. ஒருத்தருக்கு ஏத்தி சுமார் 10 நிமிஷத்துல அடுத்தவர், அவர் முடிஞ்சு அடுத்தவர்னு வரிசையா ஏத்திட்டே போனாங்க. ஒன்றரை மணி நேரத்துக்குள்ள முதல் ஆளுக்கு தலைவலி, முதுகு வலி, குளிர் ஜுரம், வாந்தி, பிரஷர் இறங்குது, அப்புறம் பார்த்தா மருந்து ஏறின 6 பேருக்கும் அதே. ராத்திரிக்குள்ள நுரையீரல், கிட்னி எல்லாம் கைவிட ஆரம்பிச்சிடுச்சு. 6 பேரும் உயிர் பிழைச்சாங்க, ஆனா ஒருத்தர் கால் விரலையெல்லாம் இழந்தார், கை விரலும் சிலது பாதி போச்சு. சைட்டோகைன் புயல்னு கொரோனா சமயத்துல டிவில சொல்லிட்டே இருந்தாங்களே, அதோட சுத்தமான உதாரணம் இது, ஏன்னா இவங்களுக்கு நோயே கிடையாது, மருந்து மட்டும் தான்.

இப்போ உங்க மாமா கதைக்கு சம்பந்தம் இங்க வருது. அந்த மருந்தை அதுக்கு முன்னாடி டெஸ்ட் பண்ணது நீள வால் குரங்குல, அதாவது நம்ம மலைப் பக்கம் மாம்பழத்தையும் லிச்சியையும் திருடித் திங்குதே, அதே இனம். குரங்குக்குக் கொடுத்தது கிலோவுக்கு 50 மில்லிகிராம் வரைக்கும், வாரா வாரம், பெரிசா ஒண்ணும் ஆகல. மனுஷனுக்குக் கொடுத்தது கிலோவுக்கு 0.1 மில்லிகிராம், அதாவது 500ல ஒரு பங்கு. யாரும் ஏமாத்தல, அப்போ இருந்த ரூல்படி அது ரொம்ப ஜாக்கிரதையான டோஸ் தான். பின்னாடி காரணத்தைத் தோண்டிப் பார்த்தப்போ தெரிஞ்சது, மனுஷனோட நினைவு டி செல்லுல ஒரு வகை இருக்கு (ஏற்கனவே சண்டை போட்டு அனுபவப்பட்டது, உடனே சைட்டோகைனைக் கொட்டத் தயாரா இருக்கும்), அதுல மனுஷனுக்கு சி.டி.28 சுவிட்ச் இருக்கு, இந்தக் குரங்குக்கு அந்த வகை செல் மேல அந்த சுவிட்சே கிடையாது. சுவிட்ச் இல்லாத சுவத்தை எவ்வளவு அமுக்கினாலும் லைட் எரியுமா?

இந்த இடத்துல நிறைய பேர் "பார்த்தீங்களா, குரங்கு தப்பா சொல்லிச்சு, மனுஷ செல்லுல பண்ணியிருந்தா தெரிஞ்சிருக்கும்"னு முடிச்சிடுவாங்க. அதுதான் இல்ல. மனுஷ செல்லுலயும் தெரியல. விபத்துக்கு அப்புறம் இங்கிலாந்துல என்.ஐ.பி.எஸ்.சி.ங்கற அரசாங்க நிறுவனத்துல அதே மருந்தை மனுஷ ரத்த செல்லோட சாதாரணமா கலந்து வச்சுப் பார்த்தாங்க. அமைதி. எல்லா லேப்பும் அன்னிக்கு பண்ற மாதிரிதான் பண்ணாங்க, மருந்து தண்ணில கரைஞ்சு மிதக்குது, செல் அடியில கிடக்குது, ஒண்ணும் நடக்கல. அப்புறம் மருந்துத் தண்ணியைப் பிளேட்டுக் குழியில ஊத்தி ஆவியாக விட்டு, அடியில பூசின மாதிரி காய வச்சு, அது மேல செல்லைப் போட்டாங்க. அப்பதான் செல்லுங்க பெருக ஆரம்பிச்சு சைட்டோகைன் கொட்டிச்சு. ரத்தக் குழாய் உள் சுவத்து செல்லை ஒரு படுக்கை மாதிரி வளர்த்து அது மேல ரத்த செல்லை விட்டு மருந்து போட்டாலும் தெரிஞ்சது. அதாவது அதே மருந்து, அதே ரத்தம், வச்ச விதம் மட்டும் வேற. நான் 9 வருஷத்துல கத்துக்கிட்டது மொத்தமும் இந்த ஒரு வரிக்குள்ள அடங்கிடும்: செல் டெஸ்ட் பொய் சொல்லாது, ஆனா நீங்க எப்படி உக்கார வச்சுக் கேக்கறீங்களோ அதுக்குத்தான் பதில் சொல்லும்.

ஜெர்மனில அந்த மருந்தைக் கண்டுபிடிச்ச குழுவே சில வருஷம் கழிச்சு இன்னொரு காரணம் சொன்னாங்க, எனக்கு ரொம்பப் பிடிச்சது. ரத்தத்துல ஓடுற டி செல்லு தனித்தனியா ஓடிட்டு இருக்கு, ஆனா உடம்புல இருக்கிற டி செல்லுல பெரும்பாலானது ரத்தத்துல இல்ல, நிணநீர் முடிச்சுல நெருக்கியடிச்சு உக்காந்திருக்கு, அக்கம்பக்கத்து செல்லோட உரசிட்டே இருக்கிறதால அது எப்பவும் அரை முழிப்புல இருக்கு. ரத்தம் எடுத்தா நமக்குக் கிடைக்கிறது அந்த உரசல் விட்டுப்போன தூங்குமூஞ்சி செல். தனி மரம் தோப்பாகாதுன்னு சொல்வாங்களே, அதே தான். ஒரு மில்லிலிட்டருக்கு 1 கோடி செல்லுன்னு நெருக்கி ரெண்டு நாள் வச்சுட்டு அப்புறம் மருந்து போட்டா, காய வைக்காம, கரைச்ச மருந்துக்கே அது கத்த (அதாவது சைட்டோகைனைக் கொட்ட) ஆரம்பிச்சிடுச்சு. இதை வச்சு மறுபடி கணக்குப் போட்டு, அதே ஆன்டிபாடியை வேற பேருல ரஷ்யாவுல திரும்ப மனுஷங்களுக்குக் கொடுத்தாங்க, கிலோவுக்கு 0.1 மைக்ரோகிராம்ல ஆரம்பிச்சு 7 மைக்ரோகிராம் வரைக்கும், லண்டன் டோஸ்ல ஆயிரத்துல ஒரு பங்குல தொடங்கி. புயல் வரல, முதல்ல எதிர்பார்த்த அந்த அடக்குற வேலைக்கான அறிகுறி கிடைச்சது. குரங்கு சொல்ல முடியாத டோஸை பிளேட்டு சொல்லிச்சுன்னு இதைச் சொல்லலாம், நான் தைரியமா சொல்ற வெற்றி இது.

எங்க வேலை நிஜத்துல எப்படி இருக்கும்னு ஒரு நாளைக் காட்டறேன், ஏன்னா "செல் டெஸ்ட்"னா கம்ப்யூட்டர்ல பட்டன் அமுக்குற மாதிரி ஒரு நினைப்பு இருக்கு. காலைல டோனர் ரத்தம் வரும், சில மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும், ஆனா வண்டி சில்க் போர்டு சிக்னல்ல மாட்டிக்கிட்டு நிக்கும், நாங்க இங்க கிளவுஸ் போட்டுட்டு வாசலைப் பார்த்துட்டு நிப்போம். வந்ததும் ரத்தத்தை நீர்த்து, ஃபிக்கால்னு ஒரு கனமான திரவத்து மேல மெதுவா, குழாய் சுவத்தோட வழிய விட்டு நிறுத்தணும், கை கொஞ்சம் நடுங்கினாலும் கலந்துடும். சென்ட்ரிஃப்யூஜ்ல சுத்தி எடுத்தா அடியில சிவப்பு, மேல மஞ்சள் பிளாஸ்மா, நடுவுல மெலிசா பால் ஆடை மாதிரி ஒரு வெள்ளை வளையம். அந்த ஆடைதான் பி.பி.எம்.சி., நமக்கு வேண்டிய டி செல்லு, பி செல்லு (ஆன்டிபாடி செய்றது), மோனோசைட் (கிருமியை மோப்பம் பிடிக்கிறது) எல்லாம் அதுல தான். அதைப் பிப்பெட்டால உறிஞ்சி, கழுவி, எண்ணி, 96 குழிப் பிளேட்ல மருந்து பூசின குழியில கொஞ்சம், பூசாத குழியில கொஞ்சம், கண்டிப்பா கத்தும்னு தெரிஞ்ச ஓ.கே.டி.3 பூசின குழியில கொஞ்சம்னு போட்டு 37 டிகிரி இன்குபேட்டர்ல வைக்கணும். (ஓ.கே.டி.3 1986ல கிட்னி மாத்தினவங்களுக்கு வந்த ஆன்டிபாடி, முதல் ஊசிக்கே ஜுரமும் நடுக்கமும் வரும்னு டாக்டருங்களுக்கு அப்பவே தெரியும், அதனால எங்களுக்கு அது அளவுகோல்.) மறுநாளோ அதுக்கு மறுநாளோ மேல இருக்கிற திரவத்தை எடுத்து டி.என்.எஃப்., ஐ.எல்.2, ஐ.எல்.6, இன்டர்ஃபெரான் காமாங்கற சைட்டோகைனெல்லாம் எவ்வளவுன்னு அளக்கிறது. ஒரே ஆள் ரத்தத்துல பண்ணா பிரயோஜனம் இல்ல, பத்து பேராவது வேணும், ஏன்னா ஆளுக்கு ஆள் வித்தியாசம் கண்ணைக் கட்டும்.

ஒரு தடவை பிளேட் முழுக்க எரிஞ்சிடுச்சு. மருந்து இல்லாத குழியும் கத்துது. எல்லாரும் மருந்து மேல சந்தேகப்பட்டோம், டோனர் மேல சந்தேகப்பட்டோம், கடைசியில பார்த்தா புதுசா செஞ்ச பஃபர்ல (செல்லைக் கழுவுற உப்புத் திரவம்) எண்டோடாக்சின், செத்துப்போன பாக்டீரியாவோட தோல் மிச்சம். ஆட்டோகிளேவ் பண்ணா (அழுத்த நீராவியில வச்சா) கிருமி சாகும், ஆனா இந்த மிச்சம் அதுல அழியாது, கண்ணாடிச் சாமானை 250 டிகிரி உலர் சூட்டுல வச்சாதான் போகும். மோனோசைட்டுக்கு இது துளி போதும், ஐ.எல்.6ஐ ஊத்தித் தள்ளிடும். மூணு வாரம் வேலை குப்பைக்கு. இன்னொரு தடவை ஒரே ஒரு டோனர் மட்டும் எல்லா மருந்துக்கும் ஏகத்துக்கு எகிறுறார், அப்புறம் விசாரிச்சா போன வாரம் காய்ச்சல்ல படுத்திருந்தாராம், கேட்டப்போ சொல்லல. இதையெல்லாம் எதுக்குச் சொல்றேன்னா, ஒரு ரிப்போர்ட்ல "செல் டெஸ்ட்ல பிரச்சனை இல்லை"ன்னு ஒரு வரி இருந்தா, எத்தனை டோனர், மருந்து பூசினதா கரைச்சதா, பாசிட்டிவ் கண்ட்ரோல் (ஓ.கே.டி.3 மாதிரி கண்டிப்பா கத்த வேண்டிய குழி) கத்துச்சா, இந்த மூணையும் பார்க்காம நான் அந்த வரியை நம்ப மாட்டேன். இதுக்கு நேர் எதிராவும் நடக்கும், பூசிக் காய வச்ச பிளேட்ல நோயாளிகளுக்கு வருஷக்கணக்கா பத்திரமா ஏறிட்டு இருக்கிற சில மருந்தும் தேவையில்லாம கத்தும். அந்த முறை அவ்வளவு உஷார் பேர்வழி.

செல்லு நிச்சயமா ஜெயிச்ச இடம் இன்னொண்ணு இருக்கு, அதைப் பத்தி யாரும் பேசறதில்ல. ஊசி மருந்து எதுலயும் ஜுரம் வரவைக்கிற அழுக்கு இருக்கக் கூடாது. அதைப் பார்க்க 1940கள்ல இருந்து முயலுக்குத்தான் ஊசி போட்டு, ஆசனவாய்ல தெர்மாமீட்டர் வச்சு மணிக்கணக்கா உக்காந்து டெம்பரேச்சர் ஏறுதான்னு பார்த்தாங்க. அப்புறம் குதிரைலாட நண்டு ரத்தத்துல ஒரு டெஸ்ட் வந்தது, அது எண்டோடாக்சினை மட்டும் பிடிக்கும், மத்த அழுக்கு தெரியாது. மனுஷ மோனோசைட்டோட மருந்தைக் கலந்து ஐ.எல்.6 வருதான்னு பார்த்தா எல்லா வகை அழுக்கும் தெரியும், அதுவும் மனுஷனுக்கு ஜுரம் வருமான்னு நேராவே தெரியும், முயலுக்கு வருமான்னு இல்ல. 2010ல ஐரோப்பிய ஃபார்மகோபியால (மருந்துத் தர விதிப் புத்தகம்) இது ஏறிச்சு, இப்போ அங்க முயல் டெஸ்டையே எடுத்துட்டாங்க. எனக்கு எண்டோடாக்சின் மூணு வாரம் தண்டனை கொடுத்ததே, அதே மோனோசைட்டோட அதே முன்கோபம் தான் இங்க வேலைக்கு ஆகுது. தோல் அலர்ஜியும் இப்படித்தான், முன்னாடி எலி காதுல தடவி நிணநீர் முடிச்சைப் பார்ப்பாங்க, இப்போ டி.எச்.பி.1ன்னு ஒரு மனுஷ செல் வகையை 24 மணி நேரம் கெமிக்கலோட வச்சு சி.டி.86, சி.டி.54ங்கற ரெண்டு குறிப் புரதம் செல் மேல ஜாஸ்தி ஆகுதான்னு பார்க்கிறாங்க, அது மாதிரி ரெண்டு மூணு டெஸ்டைச் சேர்த்து முடிவெடுக்கிற விதியை ஓ.ஈ.சி.டி.ங்கற நாடுகள் கூட்டமைப்பு 2021ல ஏத்துக்கிட்டது. எதிர்ப்பு சக்தியைப் படுக்க வைக்கிற கெமிக்கலைப் பிடிக்க ஐ.எல்.2 குறையுதான்னு பார்க்கிற டெஸ்ட் 2023ல வந்தது, அது ஆரம்பக் கட்டம், அதை மட்டும் வச்சு யாரும் முடிவெடுக்கிறதில்ல.

இப்போ சந்தேகமான பக்கம். எதிர்ப்பு சக்திங்கறது ஒரு நாள் வேலை இல்ல. தடுப்பூசி போட்டா நிணநீர் முடிச்சுக்குள்ள பி செல்லும் டி செல்லும் வாரக்கணக்கா பேசிப் பேசித்தான் நல்ல ஆன்டிபாடி வருது. ஒரு மருந்து அந்தப் பேச்சைக் கெடுக்குதான்னு பார்க்க இன்னிக்கும் விலங்குக்கு ஒரு அந்நிய புரதத்தைப் போட்டு, ஆன்டிபாடி வருதான்னு வாரக்கணக்கா பார்க்கிறாங்க. பிளேட்ல என் செல்லு நாலஞ்சு நாளுக்கு மேல நல்லா இருக்காது. டான்சில் ஆபரேஷன்ல வெட்டி எடுக்கிற சதையை வச்சு ஒரு குட்டி நிணநீர் முடிச்சு மாதிரி வளர்த்து அதுல ஆன்டிபாடி வரவைக்கிறதை ஸ்டான்ஃபோர்ட்ல 2021ல பண்ணிக் காட்டினாங்க, சிப்புக்குள்ள நிணநீர் முடிச்சு செய்றவங்களும் இருக்காங்க. ஆசையா இருக்கு, ஆனா லேப்புக்கு லேப் ஒரே விடை வந்தாதான் அதிகாரிகள் நம்புவாங்க, முயல் டெஸ்டுக்கு மாத்து வந்து அது முழுசா இடம் பிடிக்கவே எத்தனை வருஷம் ஆச்சுன்னு மேல பார்த்தீங்க.

அப்புறம் ரெண்டு பேருமே, குரங்கும் செல்லும், கோட்டை விடுற கேஸ் உண்டு. நட்டாலிசுமாப்னு மல்ட்டிபிள் ஸ்க்லெரோசிஸுக்கு (மூளை, நரம்பைத் தாக்குற நோய்) ஒரு ஆன்டிபாடி, 2004 நவம்பர்ல வந்தது, 2005 பிப்ரவரில நிறுத்தினாங்க, ஏன்னா மூளைல ஒரு வைரஸ் கிளம்பி ஆளைக் கொன்னது. ஜே.சி. வைரஸ், நம்மள்ல பாதிப் பேருக்கு மேல உள்ள சும்மா தூங்கிட்டு இருக்கிறது, மனுஷனுக்கு மட்டும் உள்ளது. காவல்காரனை, அதாவது எதிர்ப்பு செல்லை, மருந்து மூளைக்குள்ள போக விடல, திருடன் முழிச்சுக்கிட்டான். பல மாசம் மருந்து எடுத்தவங்கள்ல ஆயிரத்துல ஒருத்தருக்கு வர்ற விஷயத்தை எந்தக் குழியிலயும் எந்தக் கூண்டுலயும் பிடிக்க முடியாது. (2006ல கடுமையான கண்காணிப்போட அது திரும்ப வந்தது.) இன்னொண்ணு அபாகாவிர், எச்.ஐ.வி. மருந்து, 1998ல வந்தது. சிலருக்கு மட்டும் பயங்கர அலர்ஜி, ஏன்னு பார்த்தா எச்.எல்.ஏ.பி 57:01ன்னு ஒரு ஜீன் வகை உள்ளவங்களுக்குத்தான் வருது. டோனர் பத்துப் பேர்ல ஒருத்தருக்கும் அந்த வகை இல்லைன்னா பிளேட் "ஓகே"ன்னு சொல்லிடும், இருந்தா காட்டிக்கொடுக்க வாய்ப்பு இருக்கு. இப்போ மருந்து தர முன்னாடி அந்த ஜீனை டெஸ்ட் பண்றாங்க. இது செல் டெஸ்டோட குறையா பலமான்னு எனக்கே தோணும், ஏன்னா சரியான ஆளோட ரத்தத்தைத் தேடிப் பிடிச்சா விடை கிடைக்கலாம், ஆனா எந்த ஆள்னு முன்கூட்டி யாருக்குத் தெரியும்?

இந்த எச்.எல்.ஏ. (எது நம்மது, எது அந்நியம்னு எதிர்ப்பு சக்திக்குக் காட்டுற ஜீனுங்க) பேச்சு வந்ததால நம்ம ஊர்க் குரங்கைப் பத்தி ஒரு விஷயம். கிராண்ட் பசென்ல மகா சிவராத்திரி கூட்டத்துல கையில இருக்கிற வாழைப்பழத்தைப் பிடுங்குதே, அதோட பாட்டன் பூட்டனெல்லாம் சுமார் 400 வருஷம் முன்னாடி கப்பல்ல வந்து இறங்கின சில குரங்குங்க தான், அதுக்கு முன்னாடி தீவுல குரங்கே கிடையாது. அதனால எல்லாம் ஒரே சொந்தக்காரங்க. மனுஷனுக்கு எச்.எல்.ஏ. எத்தனையோ ஆயிரம் வகை, மொரிஷியஸ் குரங்குக்கு அதே இடத்துல முக்கியமா 7 கட்டு (ஒண்ணா சேர்ந்தே வர்ற ஜீன் தொகுப்பு) தான். தடுப்பூசி, எச்.ஐ.வி., டி.பி. ஆராய்ச்சிக்கு இது வரப்பிரசாதம், ஒரே மாதிரி ஜீன் உள்ள குரங்கைப் பொறுக்கி எடுக்கலாம், கூடவே ஆசியக் குரங்குங்களுக்கு இருக்கிற, மனுஷனுக்கு ஒட்டினா ஆபத்தான பி வைரஸும் இங்க கிடையாது. அதனால தான் நம்ம குரங்குக்கு வெளிய கிராக்கி, 2020ல சீனா ஏற்றுமதியை நிறுத்தினதுக்கு அப்புறம் இன்னும் ஜாஸ்தி. ஆனா அபாகாவிர் மாதிரி ஆளுக்கு ஆள் மாறுற ஆபத்தைத் தேடுறப்போ அதே ஒத்துமை தான் இடிக்குது. இன்னொரு பக்கம், மனுஷ ஆன்டிபாடியைக் குரங்குக்குப் போட்டா அது அந்நியப் புரதம்னு அதுக்கு எதிரா ஆன்டிபாடி செஞ்சிடும், அதை வச்சு மனுஷனும் செய்வானான்னு சொல்ல முடியாது. அந்தக் கேள்விக்கு 50 டோனர் ரத்தத்துல டி செல் முழிக்குதான்னு பார்க்கிறது தான் நல்ல வழி.

சட்டம் எங்க நிக்குதுன்னு சொல்லிடறேன். லண்டன் விபத்துக்கு அப்புறம் 2007ல ஐரோப்பிய மருந்து ஏஜென்சி, முதல் தடவை மனுஷனுக்குக் கொடுக்கிற டோஸை குரங்கு தாங்கின டோஸ்ல இருந்து மட்டும் வகுத்துப் போடாதே, மனுஷ செல்லுல லேசா ஒரு சலனம் தெரியற அளவு எதுவோ அதையும் பார்த்துப் போடுன்னு சொல்லிச்சு. ஒருத்தருக்குக் கொடுத்து பொறுத்துப் பார்த்துட்டுத்தான் அடுத்தவர், வரிசையா ஏத்துறது கிடையாது. அமெரிக்கால 2022 டிசம்பர் கடைசில ஒரு சட்டத் திருத்தம், மனுஷ சோதனைக்கு முன்னாடி விலங்கு சோதனை கட்டாயம்ங்கற வார்த்தையை எடுத்துட்டு செல், சிப் மாதிரி வழியும் ஏத்துக்கலாம்னு வச்சாங்க. 2025 ஏப்ரல்ல எஃப்.டி.ஏ.ங்கற அமெரிக்க மருந்து அதிகார அமைப்பு ஒரு படி மேல போய், விலங்கு சோதனையைப் படிப்படியா குறைக்கப் போறோம், முதல்ல மோனோக்ளோனல் ஆன்டிபாடில (லண்டன் மருந்து மாதிரி லேப்ல செய்ற ஒரே வகை ஆன்டிபாடி) இருந்துன்னு அறிவிச்சது. உங்க மாமா காதுல விழுந்தது இதுவா தான் இருக்கும். ஏன் ஆன்டிபாடில இருந்துன்னு இப்போ உங்களுக்கே புரியும், அந்த வகை மருந்துக்குத்தான் பெரும்பாலும் குரங்கு போகுது, அங்கதான் குரங்கு அடிக்கடி சறுக்கவும் செய்யுது.

வேலை விஷயத்துக்கு வர்றேன். நாளைக்கே கூண்டெல்லாம் காலியாகும்னு சொல்றவங்களை நம்பாதீங்க. ரொம்ப நாள் எடுக்கிற மருந்து, கர்ப்பிணிக்குப் போற மருந்து, தடுப்பூசி, இதுக்கெல்லாம் முழு உடம்பு வேணும்னு அதிகாரிகள் இன்னும் கேக்கிறாங்க. இங்க பக்கத்துல ரீயூனியன்ல 2025ல சிக்குன்குன்யா தடுப்பூசி போட்டப்போ வயசானவங்களுக்கு மோசமான பின்விளைவு வந்து ஏப்ரல் கடைசில 65க்கு மேல உள்ளவங்களுக்குப் போடுறதை நிறுத்தினாங்க, ஒரு இறப்பும் இருந்தது. அது ஏற்கனவே மனுஷங்கள்ல சோதிச்சு அனுமதி வாங்கின ஊசி. அந்த மாதிரி சமயத்துல யாரும் "இருக்கிற டெஸ்ட்ல ஒண்ணைக் குறைங்க"ன்னு கேக்கத் தயாரா இருக்க மாட்டாங்க. ஆனா ஒரு மருந்துக்கு இத்தனை குரங்குங்கற எண்ணிக்கை குறையும், அந்தத் திசையில எனக்கு சந்தேகமே இல்ல. மாமா ரிட்டையர் ஆக பத்து வருஷத்துக்குள்ளனா நான் பயப்பட மாட்டேன், நீங்க அதே ஃபார்மை நம்பி படிக்கப் போறீங்கன்னா வேண்டாம்னு தான் சொல்வேன்.

ஒரு சின்ன கசப்பையும் சொல்லிடறேன், விலங்கு இல்லாத டெஸ்ட்னு போஸ்டர் ஒட்டுறவங்க இதைச் சொல்ல மாட்டாங்க. நாங்க செல்லு வளர்க்கிற ஊட்டத் திரவத்துல 10 சதவீதம் கன்னுக்குட்டிக் கருவோட ரத்த சீரம். பாட்டிலைக் கையில எடுக்கிறப்போ முதல் வருஷம் எனக்கு வயித்தைப் பிசையும், எங்க வீட்டுல பசுவைக் கும்பிடுறவங்க. அது இல்லாத ஊட்டம் இப்போ வந்துட்டிருக்கு, விலை ஜாஸ்தி, சில செல்லு அதுல வளரவே அடம் பிடிக்கும்.

பயாலஜி எடுங்க. எடுத்தா செல் கல்ச்சர், ஃப்ளோ சைட்டோமெட்ரி (செல்லை ஒவ்வொண்ணா லேசர்ல பார்த்து வகை பிரிக்கிறது), கொஞ்சம் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் மூணையும் விடாதீங்க, ரெண்டாவதுக்கு மெஷின் கிடைக்கிற காலேஜா பாருங்க. மாமாகிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க: அவங்க ஃபார்ம்ல குரங்குக்கு ரத்தம் எடுக்கப் பயிற்சி உள்ளவர் இருக்காங்களா, எடுத்த ரத்தத்தைக் குளிர்ல வச்சு அனுப்ப வசதி இருக்கான்னு. ஏன்னா இப்பல்லாம் ஒரு மருந்துக்குக் குரங்கு சரியான மாடலான்னு முடிவு பண்ண, முதல்ல குரங்கு ரத்த செல்லையும் மனுஷ ரத்த செல்லையும் பக்கத்துப் பக்கத்துக் குழியில போட்டுப் பார்க்கிறாங்க, மனுஷ செல் கத்தி குரங்கு செல் சும்மா இருந்தா அந்தக் குரங்கை அனுப்பறதுலயே அர்த்தமில்ல. அதை 2006க்கு முன்னாடி சரியா பண்ணியிருந்தா அந்த 6 பேர் கதை வேற மாதிரி இருந்திருக்கும். அதுக்கு குரங்கு விமானம் ஏற வேண்டாம், 10 மில்லி ரத்தம் ஏறினா போதும், ரத்தம் கொடுத்த குரங்கு திரும்பவும் அதே கூண்டுல உக்காந்து பழம் தின்னுட்டு இருக்கும்.